புராஸ்டேட்டுக்கு ஐந்து, வழுக்கைக்கு ஒன்று

ஃபினாஸ்டரைடு என்ற மருந்து இரண்டு அளவுகளில் மாத்திரையாக விற்கிறது. 5 மில்லிகிராம் மாத்திரை, புராஸ்டேட் பெருத்து சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு. 1 மில்லிகிராம் மாத்திரை, முன்நெற்றி ஏறி உச்சந்தலை தெரியத் தொடங்கிய இளைஞர்களுக்கு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதலாவதை 1992-லும் இரண்டாவதை 1997-லும் அனுமதித்தது. மெர்க் நிறுவனம் அவற்றுக்கு புரோஸ்கார், புரோபீசியா என்று தனித்தனிப் பெயர் வைத்தது. இன்று இந்திய நிறுவனங்கள் பலவும் வெவ்வேறு பெயர்களில் இதைத் தயாரிக்கின்றன. பெயரும் அட்டையும் வேறாக இருப்பதால் வாங்குபவர்கள் இவற்றை இரண்டு மருந்துகளாகவே நினைக்கிறார்கள். தாத்தா சாப்பிடுவது மூத்திர மாத்திரை, பேரன் சாப்பிடுவது முடி மாத்திரை. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தாலும் வீட்டில் யாருக்கும் அது உறைப்பதில்லை.

அளவு ஐந்து மடங்கு வேறுபடுகிறது. விளைவு அப்படி வேறுபடவில்லை. இந்த மருந்து குறிவைக்கும் ஹார்மோனை 5 மில்லிகிராம் மாத்திரை இரத்தத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கிறது. 1 மில்லிகிராம் மாத்திரையும் 65 சதவீதம் அளவுக்குக் குறைத்துவிடுகிறது. மாத்திரை சிறியது, ஆகவே விளைவும் சிறியது என்ற கணக்கு இங்கே செல்லாது. பெரியவருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இளைஞருக்கும் சேர்த்துத்தான்.

ஆணின் விரைகள் சுரக்கும் முக்கிய ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன். இரத்தத்தில் உடல் முழுக்கச் சுற்றிவரும் அது சில திசுக்களுக்குள் நுழைந்ததும், 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. பெயர் நீளம் என்பதால் மருத்துவர்கள் டிஹெச்டி என்று சுருக்கிச் சொல்வார்கள். செல்லில் உள்ள ஏற்பியோடு இது டெஸ்டோஸ்டிரோனைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, எளிதில் விலகுவதில்லை. அதனால் வீரியம் கூடுதல். தசை வளர்வதற்கும் குரல் உடைவதற்கும் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோனே போதும். கருவில் ஆண் பிறப்புறுப்பின் வெளிவடிவம் அமைய, புராஸ்டேட் வளர, தாடி முளைக்க டிஹெச்டி வேண்டும். கன்னத்தில் மயிரை வளர்க்கும் அதே ஹார்மோன், பரம்பரையில் வாய்ப்பு உள்ளவர்களின் உச்சந்தலையில் மயிரைச் சுருக்கிவிடுகிறது. மயிர்க்கால் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஆணைக்கு நேர்மாறான பதில் கிடைக்கிறது.

இந்த நொதியில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதல் வகை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் கல்லீரலிலும் மிகுதி. இரண்டாம் வகை புராஸ்டேட்டிலும் தலையின் மயிர்க்கால்களிலும் வேலை செய்கிறது. ஃபினாஸ்டரைடு முடக்குவது இரண்டாம் வகையை. டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியை அது தொடுவதில்லை. மாற்றப்படாமல் மிஞ்சுவதால் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சற்றுக் கூடவும் செய்யும்.

ஆண்மைக்கும் வழுக்கைக்கும் உள்ள தொடர்பு பழங்காலத்திலேயே கவனிக்கப்பட்டது. விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரடீஸின் பெயரால் வழங்கும் குறிப்புகள் சொல்கின்றன. 1942-ல் அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதை ஆராய்ந்து காட்டினார். பருவமடையும் முன்பே விரைகள் செயலிழந்தவர்களுக்கு முடி அப்படியே இருந்தது. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி கொட்டத் தொடங்கியது. ஹார்மோன், பரம்பரை இரண்டும் சேர்ந்தால்தான் வழுக்கை என்பது அப்போது தெளிவாயிற்று. புராஸ்டேட் பக்கத்திலும் கதை இதேதான், இன்னும் கொடூரமாக. 1890-களில் அமெரிக்காவில் வில்லியம் வைட் போன்ற அறுவை மருத்துவர்கள் புராஸ்டேட் வீக்கத்துக்கு விரைகளையே வெட்டி நீக்கினார்கள். சுரப்பி சுருங்கியது உண்மை. ஆனால் அந்த விலை கொடுத்து அந்தப் பலனைப் பெற எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

விரைகளை நீக்காமலே அந்தப் பலனைப் பெறும் வழிக்கான விடை கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்தது. டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் சலினாஸ் என்றொரு கிராமம். அங்கே சில குடும்பங்களில் பெண் என்று கருதப்பட்டு, பெண்ணாகவே வளர்க்கப்பட்ட குழந்தைகள் பன்னிரண்டு வயதை ஒட்டி ஆணாக மாறுவதை ஊரார் பல தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். குரல் உடைந்தது, தசை திரண்டது, ஆண்குறி வளர்ந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் அங்கே சென்று ஆராய்ந்து 1974-ல் காரணத்தை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகள் மரபணுவால் ஆண்கள்தான். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி மட்டும் பிறவியிலேயே குறைவு. டிஹெச்டி இல்லாததால் கருவில் வெளியுறுப்பு ஆண் வடிவம் பெறவில்லை. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகியதும் மற்ற மாற்றங்கள் வந்துவிட்டன. அதே ஆண்டு டாலஸ் நகரத்தில் பேட்ரிக் வால்ஷ் உள்ளிட்ட மருத்துவர்களும் இதே குறைபாட்டை வேறொரு குடும்பத்தில் கண்டு எழுதினார்கள்.

மருந்து நிறுவனத்தின் கண்ணில் பட்டது வேறொரு விவரம். சலினாஸ் ஆண்களுக்கு வயதான பிறகும் புராஸ்டேட் சின்னஞ்சிறியதாகவே இருந்தது. முன்நெற்றி ஏறவில்லை, வழுக்கை இல்லை, முகப்பரு இல்லை, தாடி கொஞ்சம்தான். மற்றபடி அவர்கள் திடகாத்திரமான ஆண்கள். மெர்க்கின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ராய் வாகெலோஸ் இதன் பொருளைப் பிடித்துக்கொண்டார். பிறவியில் நொதி குறைந்தவர்களுக்கு இயற்கை தந்ததை, வளர்ந்து முடிந்த ஆணுக்கு மருந்தால் தர முடியும் அல்லவா? மருந்தைத் தேடத் தொடங்கும் முன்பே அதன் பலன் மனிதர்களிடம் கண்முன் நிரூபணமாகியிருந்தது. மருந்துகளின் வரலாற்றில் இது அபூர்வம். மெர்க்கின் வேதியியலாளர்கள் டெஸ்டோஸ்டிரோனின் அமைப்பை ஒத்த சேர்மங்களைச் செய்து சோதித்து ஃபினாஸ்டரைடை எட்டினார்கள். வழுக்கையும் முதலிலேயே தெரிந்த விஷயம்தான். ஆனால் நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் புராஸ்டேட் வீக்கத்துக்கே முதலில் அனுமதி வாங்கினார்கள்.

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. இளம் வயதில் பெரிய நெல்லிக்காய் அளவில், 20 கிராம் எடையில் இருக்கும். நாற்பதைத் தாண்டிய பின் பலருக்கு இது மெல்ல வளரத் தொடங்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அறுபது வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கும், எண்பத்தைந்தில் பத்தில் ஒன்பது பேருக்கும் இந்த வளர்ச்சி தெரியும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் கிடையாது. எல்லோருக்கும் தொந்தரவு தருவதும் இல்லை. மிகப் பெரிய சுரப்பி உள்ளவர் நிம்மதியாக இருப்பார். சற்றே பெருத்தவர் இரவில் ஐந்து முறை எழுந்துகொண்டிருப்பார். சுரப்பி எந்தத் திசையில் வளர்கிறது, குழாயை எவ்வளவு நெருக்குகிறது என்பதே முக்கியம்.

அறிகுறிகள் பலருக்கும் தெரிந்தவை. சிறுநீர் வரத் தாமதமாகும். வேகம் குறைந்து நூல்போல வரும், விட்டுவிட்டு வரும். முடிந்த பின்னும் சொட்டும். போய்வந்த சிறிது நேரத்திலேயே மறுபடி போக வேண்டும்போல இருக்கும். வயதானால் அப்படித்தான் என்று பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மருத்துவர்கள் ஏழு கேள்விகள் கொண்ட சர்வதேசப் பட்டியல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மொத்த மதிப்பெண் 35. ஏழுக்குள் இருந்தால் லேசானது, எட்டு முதல் 19 வரை நடுத்தரம், 20-லிருந்து கடுமை. லேசானதற்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். மாலைக்கு மேல் தண்ணீர், காபி, டீயைக் குறைப்பது, மது அருந்துவதை விடுவது ஆகியவை மட்டுமே சிலருக்குப் போதும்.

மருந்து என்று வந்தால் பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது ஃபினாஸ்டரைடு இல்லை. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சிலோடோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்துகளே முன்வரிசையில் நிற்கின்றன. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகளை இவை தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். சுரப்பியின் அளவு மட்டும் குறையாது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம் என்பதால் முதல் மாத்திரையை இரவில் போடச் சொல்வார்கள். விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடுவது இன்னொரு விளைவு. சிலோடோசினில் இது அதிகம், ஆபத்தில்லை. அதிகம் பேசப்படாத ஒன்று கண் சம்பந்தப்பட்டது. டாம்சுலோசின் சாப்பிடுபவர்களுக்குக் கண்புரை அறுவையின்போது கண்பாப்பாவைச் சுற்றியுள்ள திரை தொய்ந்து இடைஞ்சல் செய்வதை 2005-ல் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் விவரித்தார்கள். மருந்தை நிறுத்திவிட்டுச் சென்றாலும் இந்தத் தொய்வு முற்றிலும் மறைவதில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் அறுவை மருத்துவர் அதற்கேற்பத் தயாராகிவிடுவார். புராஸ்டேட்டும் கண்புரையும் ஒரே வயதில் வருபவை. கண்ணுக்கும் மூத்திர மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிச் சொல்லாமல் விடுபவர்களே அதிகம்.

ஃபினாஸ்டரைடு வேறு வழியில் செல்கிறது. டிஹெச்டி குறைந்ததும் சுரப்பி மெதுவாகச் சுருங்குகிறது. ஓராண்டில் அதன் பருமன் 20 முதல் 25 சதவீதம் குறையும். பலன் உணரக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துபவர் மருந்தைச் சோதிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் இந்த மருந்து சறுக்கியது. 1996-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,229 பேரிடம் நடந்த ஆய்வில், ஃபினாஸ்டரைடு ஓராண்டுக்குப் பிறகும், ஒப்பிடுவதற்காகத் தரப்படும் மருந்தில்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. ஆல்ஃபா தடுப்பு மருந்தான டெராசோசின் நன்றாக வேலை செய்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பலருக்குச் சுரப்பி அவ்வளவு பெரியதாக இல்லை என்பது பிறகு கவனிக்கப்பட்டது. சுருக்கும் மருந்துக்குச் சுருங்க இடம் வேண்டுமே! 1998-ல் வந்த நான்காண்டு ஆய்வு, பெருத்த சுரப்பி உள்ள 3,040 பேரைப் பின்தொடர்ந்தது. திடீரென்று சிறுநீர் முழுதாக அடைத்துக்கொள்ளும் நிலை வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும், ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களில் மூன்று பேருக்கும் வந்தது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முன்னதில் பத்து, பின்னதில் ஐந்து. அறிகுறியைத் தணிப்பதைவிட நோய் முற்றாமல் தடுப்பதே இந்த மருந்தின் பலம் என்பது அதில் தெரிந்தது. 2003-ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் 3,047 பேர். நோய் முற்றும் வாய்ப்பை டாக்சாசோசின் என்ற ஆல்ஃபா தடுப்பு மருந்து 39 சதவீதமும், ஃபினாஸ்டரைடு 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. சிறுநீரக மருத்துவர்கள் இன்று இரண்டையும் சேர்த்து எழுதுவதற்கு அடிப்படை இதுதான். ஒன்று உடனடி நிவாரணத்துக்கு, மற்றது வருங்காலத்துக்கு.

இதே குடும்பத்தில் பின்னால் வந்தது டியூட்டாஸ்டரைடு. 2001-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. நொதியின் இரு வகைகளையும் முடக்குவதால் டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. டாம்சுலோசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் கிடைக்கிறது. ஃபினாஸ்டரைடின் பாதி சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். டியூட்டாஸ்டரைடின் பாதி நீங்க ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். விறைப்புக் குறைபாட்டுக்குத் தரப்படும் டடலாஃபில் மருந்தும் தினமும் 5 மில்லிகிராம் என்ற அளவில் 2011 முதல் புராஸ்டேட் தொந்தரவுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சா பால்மெட்டோ என்ற பனைவகைப் பழச்சாறு உலகெங்கும் புராஸ்டேட்டுக்கென்று விற்கிறது. 2006-ல் 225 பேரிடம் ஓராண்டு நடத்திய கட்டுப்பாடான ஆய்வில் அது வெற்று மாத்திரைக்கு மேல் எதுவும் செய்யவில்லை. சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் புராஸ்டேட் பெருத்தவருக்குத் திடீர் அடைப்பை உண்டாக்கிவிடக்கூடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் சளி மாத்திரை போட்டுவிட்டு விடியலில் டியூப் போட்டுக்கொள்ள மருத்துவமனைக்கு ஓடியவர்கள் உண்டு. அடைப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்தாலோ மருந்தோடு நிற்க முடியாது. குழாய் வழியே கருவியைச் செலுத்திச் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் அறுவை தேவைப்படும்.

இனி தலை. ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து மறுபடி முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது இயல்பு. ஆண் வழுக்கையில், டிஹெச்டிக்கு எளிதில் ஆட்படும் மயிர்க்கால்களில் வளரும் காலம் சுற்றுக்குச் சுற்று குறைகிறது. மயிர்க்காலும் சுருங்கி, தடித்த கருமயிருக்குப் பதில் மெல்லிய பூனைமயிர் வருகிறது. கடைசியில் அதுவும் இல்லை. நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் இது நடக்கும். பின்தலை மயிர்க்கால்கள் இந்த ஹார்மோனைப் பொருட்படுத்துவதில்லை. முடி நடும் சிகிச்சையில் பின்னாலிருந்து எடுத்து முன்னால் நடுவது அதனால்தான். வழுக்கை தாய்மாமனைப் பார்த்து வரும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோன் ஏற்பிக்கான மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் வேறு பல மரபணுக்களுக்கும் பங்கு உண்டு என்பதால் அப்பாவின் தலையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

18 முதல் 41 வயது வரையான, லேசான அல்லது நடுத்தர வழுக்கை உள்ள 1,553 பேரிடம் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு சோதிக்கப்பட்டது. இரண்டாண்டு முடிவில், மயிர் எண்ணிக்கை குறையாமல் இருந்தவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 83 சதவீதம்; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதம். இந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். இருப்பதைக் காப்பதில் மருந்து கெட்டி. இழந்ததை மீட்பதில் சுமார். பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் எதுவும் முளைக்காது. உச்சந்தலையில் பலன் தெளிவாகத் தெரியும், முன்நெற்றியில் குறைவு. வித்தியாசம் தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஓராண்டு பார்த்த பிறகே முடிவு சொல்ல முடியும். நிறுத்தினால் காத்துவைத்த முடியும் ஓராண்டுக்குள் போய்விடும். ஆகவே இருபத்தைந்து வயதில் தொடங்குபவர், முடி வேண்டும்வரை சாப்பிடப்போகிறார் என்ற தெளிவோடு தொடங்க வேண்டும். விளம்பரங்கள் இந்த ஒரு வரியைத்தான் பெரும்பாலும் சொல்வதில்லை.

தலையில் தடவும் மினாக்ஸிடில் வேறு இனம். இரத்த அழுத்த மாத்திரையாக 1979-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அது, சாப்பிட்டவர்களுக்குக் கை, முகமெல்லாம் மயிர் வளர்த்துவிட்டது. அந்தப் பக்கவிளைவையே பயனாக்கி 1988-ல் வழுக்கைக்கான திரவமாக்கினார்கள். ஹார்மோனோடு அதற்குத் தொடர்பில்லை. மயிரின் வளரும் காலத்தை நீட்டுகிறது. வழி வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். டியூட்டாஸ்டரைடைத் தென் கொரியாவும் ஜப்பானும் வழுக்கைக்கும் அனுமதித்திருக்கின்றன. அமெரிக்க அனுமதி புராஸ்டேட்டுக்கு மட்டுமே. ஃபினாஸ்டரைடையே தலையில் தடவும் திரவமாகக் கலந்தும் விற்கிறார்கள். தடவினாலும் தோல் வழியே இரத்தத்துக்குச் செல்லக்கூடும் என்பதால் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025-ல் இதுபற்றி எச்சரித்தது.

பக்கவிளைவுகளைப் பேசும்போது ஒரு சாரார் பயமுறுத்துகிறார்கள், மற்றொரு சாரார் மூடி மறைக்கிறார்கள். 1 மில்லிகிராம் மாத்திரையின் ஆய்வுகளில் காம உணர்வு குறைதல், விறைப்புக் குறைபாடு, விந்து குறைதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஏற்பட்டவர்கள் 3.8 சதவீதம், வெற்று மாத்திரையில் 2.1 சதவீதம். 5 மில்லிகிராம் சாப்பிட்ட வயதானவர்களில் முதல் ஆண்டில் விறைப்புக் குறைபாடு 8.1 சதவீதம், வெற்று மாத்திரையில் 3.7. மார்பு வீக்கம், வலி சிலருக்கு வரும். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தினால் இவை சரியாகின்றன. நிறுத்திய பிறகும் பாலியல் குறைபாடு நீடித்ததாகச் சிலர் தெரிவித்ததை அடுத்து, 2012-ல் அமெரிக்க மருந்துக் குறிப்பில் அது சேர்க்கப்பட்டது.

இதில் மனத்தின் பங்கையும் ஒரு ஆய்வு அளந்தது. 2007-ல் இத்தாலியில், புராஸ்டேட் வீக்கம் உள்ள 120 பேருக்கு ஒரே 5 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு தரப்பட்டது. பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று ஒரு பாதியினருக்குச் சொன்னார்கள், மறுபாதிக்குச் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேர் அந்தத் தொந்தரவுகளைத் தெரிவித்தார்கள், சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம் பேர். எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் எல்லாமே மனப்பிரமை என்று தள்ளிவிடவும் இதை ஆயுதமாக்கக் கூடாது. ஹார்மோனைக் குறைக்கும் மருந்து உணர்வைப் பாதிப்பதில் வியப்பு ஏதும் இல்லை. மனச்சோர்வு பற்றிய புகார்கள் இன்னும் கனமானவை. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025-ல் ஆய்வை முடித்து, ஃபினாஸ்டரைடு மாத்திரையின் பக்கவிளைவாகத் தற்கொலை எண்ணத்தை உறுதிசெய்தது. தெரிவிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை 1 மில்லிகிராம் சாப்பிட்டவர்கள் தொடர்பானவை. பயன் ஆபத்தைவிட அதிகம் என்று கூறி மருந்தை அனுமதியிலேயே வைத்த முகமை, முடிக்காகச் சாப்பிடுபவருக்கு மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றது.

ஒரே மருந்தை இரண்டு தராசில் நிறுக்க வேண்டியிருப்பது இங்கேதான். எழுபது வயதில் சிறுநீர் அடைத்து, டியூப்போடு வீடு திரும்பும் நிலையைத் தவிர்க்க முயல்பவருக்குச் சில பக்கவிளைவுகள் ஏற்கக்கூடிய விலை. நோய் ஏதுமில்லாத இருபத்தைந்து வயது இளைஞருக்கு அதே விலை மிகையாக இருக்கலாம். முடி போவதால் நொந்துபோயிருப்பவருக்கு ஏற்கத்தக்கதாகவும் இருக்கலாம். முடிவு அவருடையது. ஆனால் அது மருத்துவரிடம் பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டும். இந்தியாவில் இது மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து; இணையத்தில் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வரவழைப்பது அதற்கு ஈடாகாது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். மாதவிடாய் நின்ற பெண்களின் முடி உதிர்வுக்கு 1 மில்லிகிராம் சோதிக்கப்பட்டபோது பலன் இல்லை. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பமாகக்கூடியவர்கள் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையையோ கசியும் டியூட்டாஸ்டரைடு கேப்சூலையோ கையால் தொடக் கூடாது. கரு ஆணாக இருந்தால் சலினாஸ் குழந்தைகளுக்கு நேர்ந்தது நேரலாம். விலை குறைவென்று 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நான்கு துண்டாக வெட்டிச் சாப்பிடும் பழக்கம் இளைஞர்களிடையே உண்டு. முழு மாத்திரையின் மேல்பூச்சு தரும் பாதுகாப்பு வெட்டிய துண்டில் இல்லை. புதுமணத் தம்பதியின் வீட்டில் அது தேவையற்ற துணிச்சல்.

விளையாட்டு உலகிலும் இந்த மாத்திரை ஒரு வேடிக்கையான வேதனையை உண்டாக்கியது. ஊக்கமருந்தின் தடயத்தை மறைக்க உதவும் என்று 2005-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஃபினாஸ்டரைடைத் தடைப் பட்டியலில் வைத்தது. பல ஆண்டுகளாக முடிக்காக அதைச் சாப்பிட்டு, படிவங்களில் வெளிப்படையாகவும் எழுதிவந்த அமெரிக்கப் பனிச்சறுக்கு வண்டி வீரர் ஜாக் லண்ட், 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள முடியாமல் ஓராண்டுத் தடை பெற்றார். சோதனை முறைகள் மேம்பட்டதும் 2009-ல் மருந்து பட்டியலிலிருந்து நீங்கியது.

அடுத்தது, பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும்போது மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஃபினாஸ்டரைடும் டியூட்டாஸ்டரைடும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இந்த எண்ணை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். 5 மில்லிகிராம் சாப்பிடும் பெரியவரின் விஷயத்தில் மருத்துவருக்கே இது தெரியும். வந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்ப்பார். 1 மில்லிகிராம் மாத்திரையும் நாற்பது, ஐம்பது வயதினரிடம் ஏறக்குறைய அதே அளவு குறைப்பதை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. முடிக்காக இருபது ஆண்டுகள் சாப்பிட்டவரின் முடிவு 2.5 என்று வந்தால், மாத்திரையைப் பற்றி அறியாதவர் இயல்பு என்று எழுதி அனுப்பிவிடுவார். உண்மையில் அது 5-க்கு அருகில்.

இந்த மருந்து புற்றுநோயைத் தடுக்குமா என்றும் பார்த்தார்கள். 18,882 பேரிடம் ஏழாண்டு நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் வீரியம் கூடிய வகை சற்று அதிகமாகத் தெரிந்தது. 2011-ல் அமெரிக்க நிர்வாகம் அந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தது. 18 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவில், இரு தரப்பினரும் உயிரோடிருந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. புற்றுநோய்த் தடுப்புக்கென்று இது இன்றும் அனுமதிக்கப்படவில்லை.

இரத்த தானம் செய்யப் போகிறவர் ஃபினாஸ்டரைடை நிறுத்தி ஒரு மாதமும், டியூட்டாஸ்டரைடை நிறுத்தி ஆறு மாதமும் பொறுத்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் நடைமுறை. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். இரத்த தான முகாமிலும், பி.எஸ்.ஏ. பார்க்கும்போதும் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு முடி மாத்திரையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.